ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

கொசு போய் ஒரு வாரம் தாண்டிவிட்டது. ஆறுதல் வருவது மட்டும் நின்றபாடில்லை.

முதலிலிருந்து சொல்லிவிடலாம். பல்லம்மாவும் அவள் கணவனும் தத்தெடுக்க விண்ணப்பித்து, காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போன சமயத்தில், குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு பெண் குழந்தை அவர்கள் வீட்டுக்கு வந்தது. பசித்தால் மற்றக் குழந்தைகள் மாதிரி வீட்டை இரண்டாக்காது. காதோரம் மெல்லிசாக ஒரு ரீங்காரம். அதனால் கொசு. நான்கு மாதம் அவர்கள் கையில் வளர்ந்தாள். பெற்றவள் மனம் மாறுவதற்குச் சட்டம் கொடுத்திருந்த கெடு முடியப்போகிற சமயத்தில், இருபது வயதுகூட நிரம்பாத அந்தப் பெண் இல்லத்து வாசலில் வந்து நின்று, என் குழந்தை எனக்கு வேண்டும் என்றாள். சட்டம் அவள் பக்கம். பல்லம்மா கொசுவைத் துணியில் சுற்றி இல்லத்து மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு, ரசீது கேட்டாள். மேடத்துக்கு முகம் வெளிறிவிட்டது.

பல்லம்மா என்பது உறவுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. பெயர் அவள் காதுக்கும் வந்தது. அவள் பொருட்படுத்தவில்லை. அந்த உறவுக்காரர்களிலேயே பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு, தான் செய்து கொடுத்தது என்கிற திமிர் அவளுக்கு உண்டு.

இன்று நீதிமன்றத்தில் கையெழுத்தாகி, கொசு சட்டப்படி அவர்கள் மகளாகியிருக்க வேண்டிய நாள். காலண்டரில் பல்லம்மாவே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். காலையில் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பு மேடையைத் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு நன்றாகவே போயிற்று.

அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது கணவன் ஜன்னலோரம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். காக்கிச் சட்டை போட்டு, கருவிப் பையை வாசலில் தயாராக வைத்துவிட்டு, கிளம்புவதற்கு முன் கொஞ்ச நேரம் இப்படிப் பிரார்த்தனையில் உட்காருவான். கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். மற்ற ஆண்களுக்கு சிகரெட் மாதிரி இவனுக்கு இது, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று பல்லம்மா இத்தனை வருடமும் விட்டுவைத்திருந்தாள். இந்த ஒரு வாரமாகத்தான் அந்த மூடிய கண்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சொல்றாரு உங்க ஆளு? விசாரிச்சு முடிச்சிட்டாரா, ஃபைல் இன்னும் மேஜைக்கே வரலையா?"

"இரு. முடிக்கப்போறேன்" என்றான், கண்ணைத் திறக்காமலே.

அவள் ஒரு பாத்திர மூடியைக் கீழே போட்டாள். கை தவறி விழுந்த மாதிரிக்கூட நடிக்கவில்லை.

எழுந்து வந்தவன், சொல்ல வேண்டிய செய்தியை எப்போதும் போலக் கிளம்பும் நேரத்தில் சொன்னான். சாயங்காலம் அக்கா வருகிறாள். தனியாக இல்லை. அவளுடைய பிரார்த்தனைக் குழுவும் வருகிறது.

"எதுக்கு? இது என்ன சாவு வீடா?"

"அக்காவுக்கு மனசு கேக்கல."

"மனசு எங்க கேக்கும்? அடுத்தவங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு காதுதான் கேட்டுக்கிட்டே இருக்கே."

மெக்கானிக்கின் அக்காவைக் குடும்பத்தில் எல்லோரும் தலைவி என்பார்கள். குழுவுக்குத் தலைவி. அந்தப் பட்டத்தைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவள்தான். வேலை போனவன், வயிற்று வலிக்காரன், மகன் பேசாமல் போன தாய் என்று யாருக்காவது ஒன்று என்றால் போதும். தலைவி தன் படையோடு போய் இறங்கிவிடுவாள்.

பல் செய்கிற கூடத்தில் அன்று பல்லம்மாவுக்கு ஒரு முழு செட் வேலை இருந்தது. மெழுகில் பல்லை வரிசையாகப் பதித்து, மேல் தாடையும் கீழ் தாடையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலையைக் குனிந்து அதைச் செய்துகொண்டிருந்தவளிடம் கூடத்து முதலாளி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, வருத்தப்படாதேம்மா, வேறொன்று கிடைக்கும், இதைவிட நல்லதாகவே கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னார். அளவு சேராத பல் செட்டைத் திருப்பி அனுப்புகிற வாடிக்கையாளரிடம் அவர் சொல்கிற அதே வார்த்தைகள். அதே முகம். அவள் அரவை இயந்திரத்தை ஓட்டினாள். அந்த இரைச்சலில் முதலாளியின் மீதி ஆறுதல் காதில் விழவில்லை.

அரைத்துக்கொண்டே அவள் வேறொன்றை நினைத்தாள். இந்த ஒரு வாரமாக நாள் முழுக்க நினைக்கிற அதே நினைப்பு. அந்தப் பெண்ணால் முடியாது. நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தவள். மேடத்தின் கையிலிருந்து குழந்தையை வாங்கத் தெரியாமல் பார்சல் மாதிரி வாங்கியவள். கொசு அவளைத் தூங்க விடக் கூடாது. திணறட்டும். போதும் போதும் என்று ஆகி, தானே கொண்டுவந்து வாசலில் நீட்டட்டும். இதை நினைக்கும்போது மட்டும் பல்லம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது வாசல் முழுக்கச் செருப்பு. மெக்கானிக் முன்னதாகவே வந்து கதவைத் திறந்துவிட்டிருந்தான்.

வந்திருந்த கூட்டத்தைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், எல்லோரும் சுத்தமாக உடுத்தியிருந்தார்கள். தலைவிக்கு இரண்டு பக்கமும் அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற இரண்டு பெண்கள். பக்கத்துக் கட்டடத்து விதவை ஒருத்தி. முன்பு ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்து ஓய்வு பெற்ற ஒருவர். இவருக்குக் குழுவில் மைக் என்று பெயர். ஆண்டவனிடம் பேசும்போதும் எந்தப் பிளாட்பாரம் என்று சொல்கிற தோரணைதான்.

முதலில் அவர்கள் கொசுவின் அறையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பிரார்த்தனைக்கு உருக்கம் வேண்டுமாம். தொட்டிலைத் தொட்டுப் பார்த்தார்கள். சுவருக்கு அடித்திருந்த மஞ்சள் வண்ணம் எந்தக் கம்பெனி என்று ஒருத்தி விசாரித்தாள். இன்னொருத்தி பொம்மையைப் புரட்டி விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்றாள். பாவம் யாரென்று பல்லம்மாவுக்கு விளங்கவில்லை.

பிறகு எல்லோரும் வீட்டுக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தலைவி பல்லம்மாவைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, கையைப் பற்றிக்கொண்டாள். கை வியர்வையில் ஈரமாக இருந்தது. கண்ணை மூடச் சொன்னாள். பல்லம்மா மூடவில்லை. மூடியவர்களின் முகங்களைப் பார்ப்பது அவளுக்குப் பொழுதுபோக்காக இருந்தது. மைக்கின் மேல் வரிசை பல் செட் தளர்ந்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் விழலாம்.

தலைவி குரலை உயர்த்தினாள். ஆண்டவனே, எங்கள் வீட்டு விளக்கை ஒருத்தி தட்டிப் பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்றாள். அவள் தூக்கத்தைப் பறித்துவிடு என்றாள். அவளால் முடியாது என்று அவளுக்குக் காட்டு, அவள் திணறி, தானே குழந்தையைக் கொண்டுவந்து இந்த வாசலில் நீட்டும்படி செய் என்றாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்று முனகினார்கள்.

பல்லம்மா திரும்பித் தலைவியைப் பார்த்தாள். பகலெல்லாம் அரவை இயந்திரத்தின் முன் தான் நினைத்தது அப்படியே, ஒரு சொல் குறையாமல், இந்தப் பெண்பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. அவள் தலைவியை ஒரு நாளும் மதித்ததில்லை. அவள் பேச்சு, அவள் கைப்பை, அவள் ஆண்டவனோடு வைத்திருக்கிற கொடுக்கல் வாங்கல், எதையும் மதித்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கும் தனக்கும் ஒரே வேண்டுதல். இவள் வாய்விட்டுச் சொல்கிறாள், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது. பற்றியிருந்த கையை உருவிக்கொண்டாள்.

தலைவி தம்பியைப் பார்த்து, நீயும் இரண்டு வார்த்தை சொல்லு என்றாள்.

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே இருந்து பேசுகிற குரல் அது. சத்தமும் இல்லை, அவசரமும் இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு ராத்திரி தூக்கம் வரணும். பயப்படாம இருக்கணும். பக்கத்துல யாராவது ஒருத்தர் அவளுக்கு ஒத்தாசையா இருக்கணும். எங்களுக்கு இன்னிக்குப் பொழுது ஓடினா போதும்."

அவ்வளவுதான். மைக் கண்ணைத் திறந்து, வண்டி தவறான தடத்தில் வந்துவிட்ட மாதிரிப் பார்த்தார். தலைவிக்கு முகம் சுண்டிவிட்டது. நீ யார் பக்கம்டா என்று தம்பியைக் கேட்டாள். பல்லம்மா எழுந்து டீ போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனாள். டீ போடும் எண்ணம் அவளுக்கு இல்லை. யார் முகத்திலாவது அறைந்துவிடாமல் இருக்க வேண்டும், அதற்கு ஒரு கதவு வேண்டும்.

மெக்கானிக் பின்னாலேயே வந்தான்.

"ராத்திரி ராத்திரியா எழுந்தது நான்" என்றாள் அவள், கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே. "மூக்கடைச்சப்ப தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடந்தது நான். அவ நிம்மதியா தூங்கணும்னு நீங்க வேண்டுறீங்க. வெட்கமா இல்ல?"

"வேற யாருக்கு வேண்டச் சொல்ற? கொசு இப்ப அவ இடுப்புல இருக்கு. அவ கால் இடறி விழுந்தா கொசுவும் சேர்ந்துதான் விழும்."

"எவ்வளவு சுலபமா இருக்கு உங்களுக்கு. கண்ணை மூடினா எல்லாம் சரியாயிடுது. மரக்கட்டை மாதிரி."

இந்தச் சொல் அவனைத் தைத்தது. கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டான். பேசும்போது அவளைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துப் பேசினான்.

"ரெண்டு தடவை அவ தெருவுக்குப் போயிட்டு வந்தேன்."

அவள் குழாயை மூடினாள்.

கம்பெனி வேனில் போனதாகச் சொன்னான். கதவைத் தட்டி, குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனானாம். எந்தச் சாலையில் போவது, யார் வீட்டில் இறங்குவது என்பதுகூட மனதில் தயாராக இருந்ததாம். ஒரு தடவை மாடியில் துணி காயப்போட வந்த அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறான். தோளில் கொசு.

"ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வண்டிக்குள்ளயே உட்கார்ந்திருந்தேன். என்னை இறங்க விடாதீங்கன்னு அவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். என் பிரார்த்தனை அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் நினைச்சுக்காத."

"இறங்க விடாம அவர் பிடிச்சாரா?"

"தெரியல. இறங்கல."

பல்லம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், இந்த ஆளுக்குள் இப்படியொரு திருடன் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. ஒரு வாரமாக அவன் மேல் கொட்டிய ஏளனத்தில் பாதி வேறு யார் மேலோ போய் விழுந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கோப்பைகளை எடுத்து ட்ரேயில் வைத்தாள்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. இல்லத்து மேடம்.

மேடம் சுற்றி வளைத்துப் பேசினாள். விதிப்படி இது கூடாது என்றாள். இரண்டு தடவை அதையே சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். ஒரு வாரமாகச் சரியாகக் குடிக்காத குழந்தை நேற்றிலிருந்து பாட்டிலையே தொடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டார், உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, ஆனால் இப்படியே விட முடியாது என்கிறார். உங்களிடம் எப்படிக் குடித்தாள் என்று அந்தப் பெண் கேட்கிறாள். உங்கள் நம்பரைக் கொடுக்கட்டுமா?

அடுக்களை வாசலுக்கு வந்துவிட்ட தலைவி பாதியைக் கேட்டு மீதியை ஊகித்துவிட்டாள். பார்த்தாயா, இப்போது கேட்டோம், இப்போதே பதில் வந்துவிட்டது என்றாள். அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. கூடத்திலிருந்து மைக் நன்றி சொல்லத் தொடங்கினார்.

பட்டினி கிடக்கிற குழந்தைக்கு நன்றி சொல்கிற கூட்டத்தைப் பல்லம்மா பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனதும் அவர்களோடு சேர்ந்து துள்ளியது. முடியவில்லை பார், அவளால் முடியவில்லை. அந்தத் துள்ளலின் மேல் அவளுக்கு வந்த அருவருப்பு, தலைவியின் மேல் இத்தனை வருடமும் வந்த அருவருப்பைவிடப் பெரிதாக இருந்தது.

"கொடுங்க மேடம்" என்றாள். "உடனே கூப்பிடச் சொல்லுங்க."

கணவனை இழுத்துக்கொண்டு கொசுவின் அறைக்குள் போய், தலைவியின் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் அழுகைதான் வந்தது. கொசுவின் அழுகை இல்லை, அந்தப் பெண்ணின் அழுகை. கொசு அதற்குப் பின்னால் எங்கோ, தேய்ந்துபோன ரீங்காரமாகக் கேட்டது. மெக்கானிக் தொட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நீ முதல்ல அழறதை நிறுத்து" என்றாள் பல்லம்மா. "ரெண்டு பேர் அழுதா எனக்கு யார் பேசறாங்கன்னே தெரியாது."

"அக்கா, நான் எல்லாம் சரியாத்தான் பண்றேன். பால் சூடு பார்த்தேன். மடியில படுக்கவச்சு, அவ முகத்தையே பார்த்துக்கிட்டு, பேசிக்கிட்டே கொடுக்கறேன். சிரிக்கிறா. அப்புறம் பாட்டிலைத் தட்டி விட்டுடறா."

"யாரு முகத்தைப் பார்க்கச் சொன்னது உன்னை? முகத்தைப் பார்த்தா அவளுக்கு விளையாட்டு. குடிக்கவே மாட்டா. தூக்கி உட்காரவை. அவ முதுகு உன் வயித்துல சாயணும். முகம் வெளியே பார்க்கணும், ஜன்னல் பக்கம். ஒரு கை அவ நெஞ்சுல. நீ வாயைத் திறக்கக் கூடாது. பாட்டுகீட்டு ஒண்ணும் வேண்டாம்."

அந்தப் பக்கம் துணி உரசுகிற சத்தம். நாற்காலி நகர்கிற சத்தம். அந்தப் பெண், உட்காரவைத்துவிட்டேன் என்று கிசுகிசுத்தாள்.

"பேசாதன்னேன்ல."

பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. வெளியே தலைவியும் பெண்களும் கதவில் காதை வைத்திருப்பது கதவடியில் விழுந்த நிழலில் தெரிந்தது. பிறகு போனிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூச்சை இழுத்து, சப்பி, விழுங்கி, அவசரத்தில் புரையேறி, திரும்பவும் சப்பி. பல்லம்மாவுக்கு அந்த ஒழுங்கு உடம்போடு தெரியும். எங்கே நிறுத்துவாள், எங்கே பெருமூச்சு விடுவாள் என்று தெரியும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்கிறா கொசு" என்றான் மெக்கானிக், தன்னை மறந்து.

"கொசுவா?" என்றது போன்.

பல்லம்மா உஸ் என்றாள். பாட்டில் காலியாகி, ஏப்பம் வந்து, குழந்தை அடங்கிய பிறகு அந்தப் பெண் மறுபடியும் பேசினாள். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது. அம்மா வெளியே போயிருக்கிறாள், வருவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்றாள். நாளை சாயங்காலம் அவர்கள் வேறு ஊருக்குப் போகிறார்கள். இங்கே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, தலைகாட்ட முடியவில்லை என்று அம்மா அழுகிறாள். எந்த ஊர் என்று மகளிடம்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நாளைக்கு இல்லத்துக்குச் சொல்லாமல் ஊர் மாறக் கூடாது என்பது விதி, அதனால் மேடத்துக்குத் தெரியக் கூடாதாம். தெரிந்தால் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம்.

"நீங்க சொல்லிட மாட்டீங்களே அக்கா? ஆனா போன இடத்துல இவ குடிக்கலைன்னா நான் யார்கிட்ட கேக்கறதுன்னும் பயமா இருக்கு."

பல்லம்மாவின் பதிலுக்குக் காத்திருக்காமல், அந்தப் பக்கம் கதவுச் சத்தம் கேட்டாற்போல அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

பல்லம்மா கதவைத் திறந்தாள். சாய்ந்திருந்தவர்கள் தடுமாறி நிமிர்ந்தார்கள். பால் குடித்துவிட்டாள், நீங்கள் கிளம்பலாம் என்றாள். டீ என்று யாரோ இழுத்தார்கள். டீ இல்லை என்றாள். தலைவி மட்டும் போகாமல் நின்றாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. குடிச்சிட்டாளா, நல்லா குடிச்சிட்டாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மெய்யாகவே அழுதிருந்தாள். கூட்டத்தை எல்லாம் வெறுப்பதற்கு வசதியாக இருந்த நேரத்தில் இவள் இப்படி மனுஷியாகி நிற்பது பல்லம்மாவுக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது. ஆமாம் அண்ணி, முழுசா குடிச்சா, போய்ட்டு வாங்க என்றாள்.

வாசல் காலியானது. திரும்பிப் பார்த்தால் மெக்கானிக் தரையில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலில் மாட்டி முடிந்துவிட்டது. வேன் சாவி பல்லுக்கு இடையில்.

எங்கே என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. காலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்தச் சாந்தமான ஆள் போன இடம் தெரியவில்லை. லேஸ் ஓட்டைக்குள் போகாமல் நழுவிக்கொண்டிருந்தது. அவள் அவன் வாயிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாளைக்குப் போயிடுவாங்க" என்றான். "அப்புறம் தேடினாலும் கிடைக்காது. சும்மா பேசத்தான். அந்தம்மாகிட்ட பேசிட்டு வந்துடறேன்."

"பேசற மூஞ்சியா இது? உட்காருங்க."

"என்னால இப்ப முடியல. கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான் கேக்குது. ஒண்ணும் வரமாட்டேங்குது."

அவன் எழ முயன்றான். பல்லம்மா அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பல் அச்சை அசையாமல் பிடிக்கிற பிடி. மணிக்கட்டுக்குள் நாடி தறிகெட்டு ஓடியது. இவனை இப்போது யார் பிடிப்பது? அவனுக்கு வழக்கமாகப் பிடிமானமாக இருக்கிற அந்த ஆளை அவளுக்குப் பழக்கமில்லை. பழக்கமில்லாத ஆளிடம் அவள் மரியாதை காட்டியதும் இல்லை. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே, எதிரே செருப்பு வைக்கிற பலகையைப் பார்த்துப் பேசினாள்.

"உன்னை எனக்குப் பிடிக்காது. அது உனக்கே தெரியும். உன் கூட்டத்தையும் பிடிக்காது. அந்தப் பொண்ணு ஒரு மக்கு. ஆனா சொன்னா கேக்கறா. முகத்தைத் திருப்புன்னா திருப்பினா. அவளைப் பார்த்துக்கோ. அவ அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியம் கொடு. எனக்கு நல்ல புத்தி இல்ல, உன்கிட்ட இருந்தா கொடு. இந்த மனுஷன் இன்னிக்கு இந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஒரு கை நான் பிடிச்சிருக்கேன். இன்னொண்ணை நீ பிடி."

மெக்கானிக் அவளைப் பார்த்தான். ஏதாவது சொன்னால் சாவியாலேயே குத்திவிடுவாள் போல அவள் முகம் இருந்தது. சுவரில் சாய்ந்தான். வெளியே தெருவில் மைக்கின் குரல் தேய்ந்து மறைகிற வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அவள் விரலுக்கடியில் நாடி இறங்கிக்கொண்டு வந்தது. மெதுவாகத்தான். ஆனால் இறங்கியது. ஏனென்று அவள் ஆராயவில்லை.

அவள் இன்னொரு கையில் சாவியோடு போனும் இருந்தது. மேடத்தின் நம்பர் மேலேயே தெரிந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். ஊரை விட்டுப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை. விதியை மீறிய பெண்ணிடமிருந்து இல்லம் குழந்தையை வாங்கிக்கொள்ளும். வாங்கினால் அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். சொல்லாமல் விட்டால், பால் கொடுக்கத் தெரியாத வீட்டில் கொசு எங்கே இருக்கிறாள் என்றே யாருக்கும் தெரியாமல் போகலாம். சொல்வது நியாயமா, திருட்டா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை. கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது.

போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"இப்ப இதை அழுத்தினா நான் எனக்காகத்தான் அழுத்துவேன்" என்றாள். "காலையில கொசுவுக்காக அழுத்த முடியுதான்னு பார்க்கறேன்."

"முடியலைன்னா?"

"அதை உங்க ஆளைக் கேளுங்க. இத்தனை வருஷப் பழக்கம் உங்களுக்குத்தானே."

மெக்கானிக் குனிந்து ஷூவின் லேஸை அவிழ்க்கத் தொடங்கினான். ஒரு கையால் அவிழ்ப்பது சிரமமாக இருந்தது. இருந்தும் அவள் மணிக்கட்டை விடவில்லை. அவனும் விடச் சொல்லவில்லை.